முந்திரி

எல்லா விடுதிக்காரர்களுக்கும் ஒரே வசனம்:
நாய்க்கு அனுமதி இல்லை, சார்.
ஒருவர் மட்டும் கேட்டார், சின்ன நாயா?
ரெஜினா உண்மையைச் சொல்லித் தொலைத்தாள்.

அதனால்தான் இந்தப் பெட்டி.
ஆறடிக்கு நாலடி, இரண்டு சக்கரம்.
டிப்போ வெல்டர் ஒச்சப்பன்
மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஒட்டித் தந்தது.
ஆம்னியின் பின்னால்
கோபித்துக்கொண்ட மச்சினன் மாதிரி வந்தது.
பள்ளம் வந்தால் மட்டும் பேசும்.

பின் சீட்டு முழுவதும் சில்லறைக்கு.
பதினேழு வருடக் கண்டக்டர் நான்.
டிக்கெட் எடுக்காமல்
படுத்துக்கொண்டே வந்த பயணி
அவன் ஒருவன்தான்.

கூடலூர் தாண்டி, மைதீன் பிச்சையின் தோட்டம்.
பந்தலுக்குக் கீழே குனிந்துதான் நடக்க முடியும்.
கருப்புக் கொத்துகள் நெற்றியில் இடித்தன,
நெரிசலான பஸ்ஸில் தொங்கும் கைப்பிடிகளாக.
மருந்து அடிச்சு நாளாச்சு, நீங்க திங்கலாம், என்றார்.
பிறகு நாயைப் பார்த்தார்.
இது தின்னா கிட்னி போயிரும், தெரியும்ல?

தெரியாது.
பெட்டியை நிறுத்தி, கல்லை அண்டைகொடுத்து,
அடுப்பையும் பற்றவைத்த பிறகு
சொல்கிறார் மனிதர்.

சில்லறையைச் சக்கரத்தில் கட்டினோம்.
வழியில் வாங்கிய ஒயின் பாட்டிலைத் திறக்கத் திருகாணி இல்லை.
கூடார முளையால் தக்கையை உள்ளே தள்ளினேன்.
எவர்சில்வர் டம்ளரில் மிதந்த தக்கைத் தூளை
ரெஜினா மோதிர விரலால் எடுத்து எறிந்தாள்.
எதிரே மலை இருந்த இடத்தில்
லாரி விளக்குகள் மட்டும்
ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறிக்கொண்டிருந்தன.
கயிறு அறுபட்ட சத்தம்
எங்களுக்குக் கேட்கவில்லை.

ஒரு மணி இருக்கும்.
பந்தல் கடைசியில் டார்ச் வெளிச்சத்தில் இரண்டு கண்கள்,
மெல்லும் வாய்,
வாயோரம் உருண்டையாய், கருப்பாய், ஒன்று.

குமுளி டாக்டர் பிஜிமோள் தூக்கத்தில் போனை எடுத்தார்.
முந்திரி எத்ர தின்னு?
முந்திரி இல்ல டாக்டர், திராட்சை!
அதே, முந்திரி.
ஐயோ, முந்திரியே வாங்கல டாக்டர்!
மலைக்கு அந்தப் பக்கம்
ஒரு நீண்ட பெருமூச்சு.
கொண்டு வரூ, என்றார்.

பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புறப்பட்டோம்.
லோயர் கேம்ப். ராட்சதக் குழாய்களில்
கேரளத்துத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.
நாங்கள் ஏறிக்கொண்டிருந்தோம்.
ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் ரெஜினா
அவன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள்.
அவனோ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி
காதுகளைக் காற்றுக்குக் கொடுத்திருந்தான்.
செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் டார்ச் அடித்து
எந்தா, என்றார்.
நாய், என்றேன். நல்லவேளை,
அந்தச் சொல்லுக்கு எல்லையில்லை.

ஊசி போட்டார்.
விரித்த செய்தித்தாளில்
சில்லறை எல்லாவற்றையும் கொட்டினான்.
ஈர்க்குச்சியால் ஒன்றைப் பிளந்து,
மூக்கருகே கொண்டுபோய்,
டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
இது முந்திரி அல்ல. ஆட்டின் காஷ்டம்.

அழுதுகொண்டே ரெஜினா கேட்டாள்:
ஆட்டுக்கு என்ன கஷ்டம், டாக்டர்?

புழுக்கை.
கொடிக்கு உரம் என்று மைதீன் பிச்சை
போன வாரம் கிடை போட்டிருக்கிறார்.

ஃபீஸ் முந்நூறு. ஐந்நூறை நீட்டினேன்.
சில்லறை இல்லே? என்றார்.
வெறும் வயிறாகிவிட்டவன்
தன் பெயர் கேட்டு வாலை ஆட்டினான்.

இறங்கும்போது விடிந்துவிட்டது.
பெட்டிக் கதவு திறந்து கிடந்தது.
உள்ளே எங்கள் மெத்தையில் ஒரு வெள்ளாடு,
ஒயின் பாட்டில் சீட்டைப் பாதி தின்றபடி
நிதானமாக எங்களைப் பார்த்தது.

சில்லறை குரைக்கவில்லை.
சமைத்துப் போட்டவரை
நேரில் பார்த்துவிட்டவன்போல்
வாசலிலேயே
மரியாதையாக உட்கார்ந்துகொண்டான்.